நான்கு இதழ், மூன்று சுற்று

2024 மார்ச் 3, ஞாயிறு

மாலையில் பினாங்கின் கடற்கரையோரப் படாங் கோத்தா லாமா திடலில் ஒன்றரை மணி நேரம் கயிற்றுப் பந்து சுழற்றிப் பழகினேன். நீண்ட காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு முடிந்தவைதான் என் கருவிகள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதைப் ‘பொய்’ என்பார்கள். அவர்கள் மொழியில் அது பந்தைக் குறிக்கும் சொல். “பொய் சுத்தப் போறியா? பேசுறது பத்தலையா?” என்று அம்மா கேட்கத் தொடங்கியதிலிருந்து நான் பொய்ப்பந்து என்றே சொல்லி வருகிறேன்.

சுழலும் பந்து காற்றில் பூப்போல வரையும் வடிவங்களில் ஒன்றான எதிர்ச்சுழல் பூ இன்றும் அமையவில்லை. என் பார்வையில் வலக்கை வலஞ்சுழியாகப் பெரிய வட்டமிட, பந்து இடஞ்சுழியாகச் சுற்றி, தலைக்கு மேலும் வலப்புறமும் காலடியிலும் இடப்புறமுமாக நான்கு இதழ்களை விரிக்க வேண்டும். முதல் இதழ் சரியாக விழுகிறது. இரண்டாவது தோள் மட்டத்துக்கு வரும் முன்பே விழுந்துவிடுகிறது; மூன்றாவது, காலடிக்கு வர வேண்டியது, வலது முழங்காலுக்கு வெளியே போய்விடுகிறது. கடற்காற்றுதான் காரணம் என்று முடிவு செய்துகொண்டு வீடு திரும்பினேன்.

மார்ச் 6, புதன்

காற்றின் மேல் பழி போட்டது தவறு. வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், இலைகூட அசையாத நேரத்தில், கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பார்த்தேன். அங்கும் அதே கோணல்தான் தெரிந்தது. காணொளியை நிறுத்தி நிறுத்தி எண்ணியபோது, கை ஒருமுறை சுற்றி வருவதற்குள் பந்து நான்கு முறை சுற்றுவது தெரிந்தது. நான்கு இதழுக்கு நான்கு சுற்று என்று நானாகவே நினைத்திருந்தேன்.

கடிகார முகமாக வரைந்து பார்த்ததும் பிழை புலப்பட்டது. கையும் பந்தும் பன்னிரண்டில், ஒரே நேர்கோட்டில் தொடங்குகின்றன என்று கொள்வோம். கை கால் வட்டம் நகர்ந்து மூன்றை அடையும்போது கயிறும், அதாவது பந்தைத் தாங்கும் காலுறையும், மூன்றின் திசையில் வெளியே நீண்டிருந்தால்தான் அங்கே இதழ் நுனி விழும். எதிர்த்திசையில் செல்லும் கயிறு பன்னிரண்டிலிருந்து ஒன்பது, ஆறு எனக் கடந்து மூன்றுக்கு வர முக்கால் சுற்றுப் போதும். ஆகவே கையின் முழு வட்டத்துக்குப் பந்து சுற்ற வேண்டியது மூன்றே முறை. நான் நான்கு முறை சுற்றியதால் ஐந்து இதழ்கள், 72 பாகைக்கு ஒன்றாக விழுந்திருக்கின்றன. இரண்டாவது இதழ் தோளுக்கு மேலேயே நின்றதன் காரணம் அதுதான். எதிர்ச்சுழலில் சுற்றை விட இதழ் ஒன்று கூடுதல். கையும் பந்தும் ஒரே திசையில் செல்லும் உட்சுழலில் ஒன்று குறைவு. அதனால்தான் உட்சுழலில் நான்கு இதழ் வேண்டுமென்றால் ஐந்து சுற்று தேவைப்படுகிறது, மணிக்கட்டும் சீக்கிரம் களைத்துப் போகிறது.

மார்ச் 9, சனி

மூன்று சுற்று என்று தெரிந்த பிறகு வேகத்தைக் குறைத்தேன். இதழ்கள் இடத்துக்கு வந்தன, ஆனால் பந்து தாடையில் அடித்தது. இதற்கும் கணக்கு உண்டு. தோளிலிருந்து பிடி வரை 60 செ.மீ., பிடியிலிருந்து பந்து வரை 50 செ.மீ.; ஒன்றரை மணித் திசை போன்ற மூலைகளில் கயிறு உள்நோக்கி மடங்கும்போது பந்து தோளுக்கு 10 செ.மீ. அருகே வருகிறது. சுழலும் தளம் சற்றே உடல்பக்கம் சாய்ந்தாலும் அடி நிச்சயம்.

இளைஞர் பூங்காவில் சிலம்பம் பழகும் அண்ணன் ஒருவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, பந்தைத் துரத்தாதீங்க. கை சுவத்தைத் தேய்ச்சுக்கிட்டுப் போற மாதிரி போகட்டும்” என்றார். வீட்டுக்கு வந்து, சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி அதைப் பார்த்து நின்று சுற்றினேன். பந்து சுவரில் உரசினால் தளம் முன்னே சாய்கிறது, சட்டையில் உரசினால் பின்னே சாய்கிறது. என் தளம் இரண்டு பக்கமும் சாய்ந்தது.

விளையாட்டாகக் காலுறையைக் கையில் சுற்றி 20 செ.மீ. ஆக்கினேன். கையின் வீச்சு கயிற்றைப் போல மும்மடங்கானதும் இதழ்கள் கூர்முனைகளாகச் சுருங்கி, கணித நூல்கள் ஆஸ்ட்ராய்டு என்று சொல்லும் நான்கு முனை விண்மீன் வடிவம் காற்றில் தெரிந்தது. அழகுதான், ஆனால் அந்தச் சிறிய கயிற்றில் பந்தின் இழுவிசையே கைக்குத் தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நோன்பு துறக்கும் நேரமாதலால் திடல் காலியாக இருந்தது. பந்துகளுக்குள் சிறு விளக்குகளை வைத்து இரண்டு கைகளாலும் முயன்றேன். வல்கன் டெக் காஸ்பெல் என்று இத்துறையினர் சொல்லும் சட்டகம், இரு கைகளின் உறவை நேரத்தாலும் திசையாலும் பிரிக்கிறது: நேரம் ஒன்றாகவோ மாறியோ இருக்கலாம், திசை ஒன்றாகவோ எதிராகவோ இருக்கலாம். இந்த நான்கு வகையைக் கைகளுக்கும் பந்துகளுக்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதுதான் அதன் பயன். நான் இத்தனை நாள் பந்துகளை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிப் பிம்பம் போல, ஒரே நேரம் எதிர்த்திசை என்று தொடங்கினேன். வலக்கை இடப்புறமும் இடக்கை வலப்புறமும் போகும் கணத்தில் முழங்கைகள் இடித்துக்கொண்டன. ஒரு கையை ஒரு சாண் முன்னே தள்ளிய பிறகுதான் வழி கிடைத்தது. திட்டின் மேல் கைப்பேசியை வைத்து எட்டு விநாடி ஒளிபடும்படி எடுத்த படத்தில், வலக்கையின் நான்கு இதழ்களும் திசை பிசகாமல் விழுந்திருந்தன. இடக்கையின் படத்தில் ஐந்து இருந்தன.