சின்ன உதவாக்கரை

நவம்பர் 3, 2024, ஞாயிறு, சண்டர்லாந்து, வடகிழக்கு இங்கிலாந்து

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்று பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். 1978-இல் வந்தது, உறையின் விளிம்பு நைந்து பஞ்சாகிவிட்டது. பாபி தாம்சன் என்ற நகைச்சுவைக் கலைஞர் கிளப் மேடையில் பேசிய பேச்சு. 'லிட்டில் வேஸ்டர்' என்பது அவருடைய பட்டப்பெயர். நம் மொழியில் 'சின்ன உதவாக்கரை'.

எனக்குப் பாதி புரியவில்லை. டர்ஹம் வட்டார நிலக்கரிச் சுரங்கத்துப் பேச்சுவழக்கு அது. பத்து வருடமாக இங்கே இருந்தும் காது பழகவில்லை. பெரியவரின் உதடுகளோ ஒவ்வொரு வரிக்கும் முன்னாலேயே அசைகின்றன. தட்டில் கூட்டம் சிரிப்பதற்குள் இவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று முழுக்க பாபியின் கதைதான். 1911-இல் பென்ஷா கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பதினாறு வயதில் சுரங்கத்தில் இறங்கியிருக்கிறார். பிறகு தொழிலாளர் கிளப்புகள், 1950-களில் பிபிசி வட்டார வானொலி. 1959-இல் டைன் டீஸ் தொலைக்காட்சி தந்த நிகழ்ச்சி எடுபடவில்லை. குடி, கடன், சரிவு. மீண்டும் கிளப் மேடைதான் கைகொடுத்தது.

தட்டைத் தொப்பி, தொளதொளத்த கோடு போட்ட ஸ்வெட்டர், விரலிடுக்கில் வுட்பைன் சிகரெட். பேசியது பெரும்பாலும் இரண்டைப் பற்றி: கடன், போர். பிங்கோ என்ற எண் ஆட்டத்துக்கு நடுவே, பீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர்கள் வீட்டுக் கடனையே எடுத்துப் பேசி, மனைவி கணவன் பக்கம் திரும்பிச் சிரிக்கும்படி செய்திருக்கிறார். வாரக்கூலியில் வாழ்ந்தவர்களுக்குக் கடன் என்பது ஒளித்துவைக்கும் வெட்கம். அதை நூறு பேர் நடுவில் ஒருவர் சத்தமாகச் சொன்னால் எவ்வளவு பாரம் இறங்கும்!

வடகிழக்கைத் தாண்டி அவர் புகழ் பெறவில்லை என்பதைக் குறையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது கோபமூட்டுகிறது. ஊர் விட்டு ஊர் போக அந்தப் பேச்சை இளக்கியிருந்தால், பெரியவரின் உதட்டில் அது இன்று இருந்திருக்குமா?

நவம்பர் 18, திங்கள்

பாபியின் பிறந்த நாள். பெரியவரோடு பென்ஷா குன்றில் ஏறினேன். உச்சியில் கரி படிந்த கல்தூண் மண்டபம். கீழே, 1985-இல் மூடப்பட்ட ஹெரிங்டன் சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது பூங்கா. 1988-இல் பாபி இறந்தபோது இந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் பலவும் போய்விட்டிருந்தன என்றார் பெரியவர்.

காற்று பலமாக அடித்தது. பெரியவர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கடன் பேச்சிலிருந்து ஒரு வரியைச் சொன்னார். நாயோடு எதிரே வந்த முதியவர் நின்று, அடுத்த வரியைச் சொன்னார். இருவருக்கும் முன்பின் அறிமுகமில்லை.