ஃபேக்ஸ் வரவில்லையாம்!

என் குறட்டைக்குப் பயந்து மனைவி ஹாலுக்குக் குடிபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. "ராத்திரியில மூச்சே நின்னு போகுதுங்க" என்று அவள் ஒற்றைக்காலில் நின்ற பிறகுதான் குடும்ப டாக்டரிடம் போனேன். எனக்கு ஆஸ்துமாவும் உண்டு என்பதால், நுரையீரலையும் தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டராகத் தேடச் சொன்னார்.

இன்சூரன்ஸ் பட்டியலில் முதலில் இருந்தவரிடம் பத்து வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. லீவு போட்டு, நியூஜெர்சி டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனால், கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ரெஃபரல் ஃபேக்ஸ் வரவில்லை" என்றாள். ரெஃபரல் என்பது குடும்ப டாக்டர் அனுப்பும் பரிந்துரைச் சீட்டு. குடும்ப டாக்டர் ஆபீஸில் கேட்டால், அனுப்பி மூன்று வாரம் ஆகிறதாம். போதாக்குறைக்கு, டாக்டர் என் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில், அதாவது ஒப்பந்தப் பட்டியலில், இருக்கிறார், அந்தக் கிளை மட்டும் இல்லையாம்! டாக்டர் பெயரை மட்டும் சொல்லி விசாரிக்காதீர்கள். கிளையின் முகவரியையும் சொல்லிக் கேளுங்கள். ரெஃபரல் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

அந்தக் கடுப்பில் வீட்டுக்கு வந்து அடுத்த இரண்டு பேரைத் துருவினேன். மருந்து, கருவிக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் பணம் ஓப்பன் பேமென்ட்ஸ் என்ற அரசாங்கத் தளத்தில் வந்துவிடும். 2010 சன்ஷைன் சட்டத்தின் புண்ணியம். முதல் பெயரைத் தட்டியதும் பெரிய தொகை ஒன்று வந்து தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால், அதே பெயரில் வேறு மாநிலத்துக் கண் டாக்டர்! ஊரையும் துறையையும் சரிபார்த்த பிறகே திட்டுங்கள். ஆராய்ச்சிப் பணம் தனித் தலைப்பில் இருக்கும், அதையும் சம்பாத்தியக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஜூன் கடைசியில் ஏறுவது முந்தைய வருஷத்துக் கணக்கு என்பதால் இந்த வருஷத்தது இருக்காது.

ஒருவருக்கு இருபது டாலர் மதியச் சாப்பாடுகள் மட்டும். இன்னொருவருக்கு, நான் இழுக்கும் இன்ஹேலரின் கம்பெனியிடமிருந்தே வருஷா வருஷம் மேடைப்பேச்சுக் கட்டணம். அதனால் அவர் மோசமான டாக்டர் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சாப்பாட்டு டாக்டருக்குத் தூக்க மருத்துவத்திலும் போர்டு சான்று (நிபுணர் என்பதற்கான சான்று) இருந்தது, அவரிடமே போனேன்.

வீட்டிலேயே தூக்க டெஸ்ட் முடிந்தது. மணிக்கு 34 தடவை மூச்சுத் தடைப்படுகிறதாம். 30 தாண்டினாலே தீவிரம். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷின் வந்தது. இரவுக்கு 4 மணி நேரம் வீதம் 30 நாளில் 21 நாளாவது மாட்டியிருந்தால்தான் என் இன்சூரன்ஸ் பணம் கட்டும். மெஷினே கணக்கை அனுப்பிவிடுவதால் ஏமாற்ற வழியில்லை. மனைவி அறைக்குத் திரும்பிவிட்டாள். காலையில் காபி தருவதற்கு முன்னால், "நாலு மணி நேரம் ஆச்சா?" என்கிறாள்.