திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் ஒரு நோட்டு

வீடற்றோர் காப்பகப் பதிவேட்டில் உள்ளே வந்தவர்கள்தான் இருப்பார்கள். வாசலோடு திரும்பியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. யார் விடுபடுகிறார்கள் என்பது தெரியாமல் போவது இங்கேதான். இன்னொரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், வயது, அவரே சொன்ன பாலினம், உடல்நிலை, ஏன் சேர்க்கவில்லை, எங்கே அனுப்பினோம். பெயர் வேண்டாம். மாதம் ஒருமுறை அதைக் குழுவில் வாசியுங்கள்.

காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். தெருவில் தூங்குபவரின் பை களவு போனால் முதலில் போவது அதுதான், உள்ளே சேர்த்துவிட்டு அட்டைக்கு ஏற்பாடு செய்யலாம். பெண்கள் காப்பகத்தில் பதின்வயது மகனைச் சேர்க்க மாட்டார்கள். அவனைத் தனியே விட மனமில்லாமல் தாயும் நடைபாதைக்கே போய்விடுவார். குடும்பங்களுக்கென்று தனி அறை இல்லாமல் இது தீராது.

திருநங்கையை ஆண்கள் கூடத்துக்கு அனுப்புவது பெரிய அநியாயம். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014லேயே உறுதி செய்துவிட்டது. அறுவை சிகிச்சைச் சான்று கேட்கக் கூடாது. எந்தக் கூடத்தில் தங்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள். உள்தாழ்ப்பாள் உள்ள குளியலறை கட்டாயம்.

இரவில் சந்தையில் மூட்டை தூக்குபவர் பகலில்தான் தூங்குவார். காலையில் கூடத்தைப் பூட்டாதீர்கள். காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி.

சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலிக்காரர் தானாக ஏற முடியாது.

கழிவறை சுத்தம் செய்யும் வேலை எந்தச் சாதிக்காரர் தலையில் விழுகிறது என்றும் கவனியுங்கள். யார் எந்த நாளில் சுத்தம் செய்வது என்ற முறைப்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.