குயவர் சொல்லும் அத்வைதம்

ஒரு காணொளியில், தன் துக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதத்தைப் போதிக்கும் ரூபர்ட் ஸ்பைரா உடனே பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனதில், காணொளி நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

அப்புறம் மெதுவாகப் பேசினார். துக்கம் வருகிறது, போகிறது. அதை அறிந்துகொண்டிருப்பது எது? அது எங்காவது போகிறதா? இவ்வளவுதான் சாரம்.

1960இல் பிறந்த இந்த ஆங்கிலேயர் பல வருடங்கள் மண்பாண்டம் வனைந்தவர். புகழ்பெற்ற குயவர் மைக்கேல் கார்டியூவிடம் தொழில் பழகியவர். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்வது நினைவுக்கு வருகிறது: ஒரு மண் உருண்டையை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறிந்ததாகும். அதைக் கையாலேயே தொட்டுப் பார்த்தவர் இவர்!

குரு பிரான்சிஸ் லூசில் வழியாகத்தான் ஆத்மானந்த கிருஷ்ண மேனனின் போதனை இவருக்கு அறிமுகமானது. மேனன் திருவிதாங்கூரில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். குடும்பஸ்தர். காவி உடுத்தாமலே வேதாந்தம் சொன்னவர். ஸ்பைராவும் அப்படித்தான், சாதாரணச் சட்டையில் உட்கார்ந்து பேசுகிறார்.

இவர் பேசுவதுபோல் சமஸ்கிருதச் சொற்கள் இல்லாத அத்வைதம் நீர்த்துப்போனது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். மரபை முறையாகப் படித்தவர்களின் கவலை அது, மதிக்கிறேன். சாதன சதுஷ்டயம் என்னும் விவேகம், வைராக்கியம் முதலான நான்கு தகுதிகள், குருவிடம் பல வருடப் பாடம், இதெல்லாம் சும்மா வந்தவை இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணிடம் அப்போது விவேகசூடாமணி என்ற வேதாந்த நூலை எடுத்து நீட்டியிருக்க முடியாது. ஸ்பைரா காத்திருந்தாரே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.