கேட்ட நம்பருக்குத்தான் பதில்

கடலூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடை. 'ஈ.சி., பட்டா, சிட்டா எடுத்துத் தரப்படும்' என்ற போர்டைப் பார்த்து உள்ளே வருபவர்கள் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார்கள். அதில் ஒரு சர்வே நம்பர் இருக்கும். "யக்கா, இதுல வில்லங்கம் இருக்கான்னு பாருங்க." ஈ.சி. என்பது வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டுவது. தேடிப் பார்த்துப் படிவம் 16 வந்தால், அதாவது பதிவு எதுவும் இல்லை என்று வந்தால், முகமெல்லாம் மலர்ந்து காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

விற்கிறவர் அந்த நிலத்தைக் கிரயம் வாங்கியதாகச் சொல்கிறார். அப்படியானால் அவர் வாங்கிய அந்தக் கிரயமாவது ஈ.சி.யில் வந்திருக்க வேண்டாமா? ஒன்றுமே வரவில்லை என்றால் நிலம் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாம் தேடிய இடம் தப்பு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் எல்லாம் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை. ஒன்று எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர் வரிசையில். இன்னொன்று சொத்து வரிசையில்: கிராமம், சர்வே நம்பர். நாம் கம்ப்யூட்டரில் கிராமத்தையும் புல எண்ணையும் உட்பிரிவையும் போட்டு எடுக்கிற ஈ.சி. இந்தச் சொத்து அட்டவணையிலிருந்து வருவது. பத்திரம் எழுதிய அன்றைக்கு எழுத்தர் எந்த நம்பரைப் போட்டாரோ அந்த நம்பரின் கீழ்தான் அது உட்கார்ந்திருக்கும். பிறகு அரசாங்கம் நம்பரை மாற்றினால் பழைய பத்திரம் எழுந்து வந்து புது நம்பரில் உட்காராது.

நம்பர் மாறாத ஊரே இங்கே இல்லை. 1979-லிருந்து 1987 வரை தமிழ்நாடு முழுக்க யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுப் பணி நடந்தது. பட்டாக்களைச் சரிபார்த்து, உட்பிரிவுகளைப் பிரித்து, நிறைய இடங்களில் எண்களே வேறாகிவிட்டன. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் போன்ற டவுன் பகுதிக்கு வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) நம்பர் என்று தனிக் கணக்கு. போதாக்குறைக்கு ஒரு கிராமம் முன்பு ஒரு சார்பதிவகத்தில் இருந்திருக்கும், பிறகு வேறொன்றுக்குப் போயிருக்கும். அப்போது பழைய அலுவலகத்தின் பேரிலும் தேட வேண்டும்.

ஆடியில் பதிவு மந்தம். ஆவணியில் முடிக்கலாம் என்றிருப்பவர்கள் ஆடியில்தான் ஈ.சி. பார்க்க வருவார்கள். அப்படிப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முந்திரித் தோப்பு வாங்கப் போகிறார், அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பட்டாவில் இருந்த நம்பரைப் போட்டால் ஒரே ஒரு பதிவு: 2009-ல் அப்பா மகனுக்கு எழுதிய செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். அந்தப் பத்திரத்தின் நகலை எடுக்கச் சொன்னேன். சொத்து விவரத்தில் புது நம்பருக்கு முன்னால் 'பழைய சர்வே நம்பர்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் போட்டுத் தேடினேன். 1983-ல் அதே அப்பா தோப்பில் தென்பாதியைக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறார், வேறொருவருக்கு.

பெரியவர் நம்பவில்லை. "யம்மா, இது எந்தக் காலத்துப் பேப்பரு. வாங்குன ஆளு செத்தே போயிருப்பாரு."

"ஆளு போயிருக்கலாம் ஐயா. பத்திரம் எங்க போகும்?"

"அப்ப ரிஜிஸ்ட்ரார் எப்படிம்மா முழுசுக்கும் செட்டில்மெண்ட் போட்டாரு?"

நியாயமான கேள்வி. பதிவாளர் பார்ப்பது ஆளை, சாட்சியை, முத்திரைத்தாளை. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. தனக்குச் சொத்து வந்த மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் ஒரு விதி வந்தது. 2025-ல் உச்ச நீதிமன்றம், உரிமையைச் சோதிக்கப் பதிவாளருக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம்தான், ஆனால் அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. பதிவாகியிருக்கிறது என்றால் பதிவாகியிருக்கிறது, அவ்வளவே.

பெரியவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கினாரா என்று தெரியாது. கடைக்கு அப்புறம் வரவில்லை.

நம்பர் குழம்பினால் நான் நம்புவது நான்கெல்லையை. 'ராமசாமி மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு' என்று எழுதியிருக்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் ராமசாமி மேற்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. ராமசாமி மனைக்கு மேற்கே நம்முடைய சொத்து இருக்கிறது, ஆக ராமசாமி நமக்குக் கிழக்கே. இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனையைக் காட்டும் தரகர்கள் உண்டு. பக்கத்து மனைக்காரரின் பத்திரத்தையும் நகல் போட்டுப் பாருங்கள். அதில் உங்களுக்கு விற்பவரோ அவருக்கு முன்னால் இருந்தவரோ எல்லையாக வர வேண்டும். இரண்டு பத்திரமும் ஒத்துப்போனால் பாதி பயம் போய்விடும்.

"அடுத்தவங்க பத்திரத்தை எனக்கு எப்படிக் கொடுப்பாங்க?" என்று கேட்பார்கள். கொடுப்பார்கள். 1-ஆம் புத்தகமும் அதன் அட்டவணையும் யார் கட்டணம் கட்டினாலும் பார்க்கத் திறந்தவை. சட்டத்தின் 57-ஆம் பிரிவு. உயில் மட்டும் வேறு. அது 3-ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல். இறந்த பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பீரோவில் மடித்து வைத்த உயிலை எந்தக் கம்ப்யூட்டரும் காட்டாது.

அதைவிட மோசமானது வாரிசு. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் பதிவாக எந்தப் பத்திரமும் இல்லை. ஈ.சி. சுத்தமாக இருக்கும். விற்க வருவது இரண்டு அண்ணன் தம்பிகள். அவர்களுக்கு நெய்வேலியில் ஒரு அக்கா, சிதம்பரத்தில் ஒரு தங்கை இருப்பதை ஈ.சி. சொல்லாது. பரம்பரைச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தாகிவிட்டது. இன்னும் 'அவங்கதான் சீர் வாங்கிட்டாங்களே' என்று என் கடையில் நின்றுகொண்டே பேசுகிறார்கள். வாரிசுச் சான்றைக் கேளுங்கள், அதில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள்.

என் அக்கா மகன் டெக்சாஸில் வீடு வாங்கினான். அங்கே பத்திரத்தைப் பதிந்து வைப்பது கவுண்டி கிளார்க். அந்த மாநிலத்தில் மட்டும் 254 கவுண்டி. "சித்தி, இங்க விக்கிறவர் பேரைப் போட்டுத்தான் தேடுறாங்க" என்றான். விற்றவர், வாங்கியவர் பெயர் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கை மாறியதையும் பின்னோக்கிப் போவார்களாம். அந்த வேலைக்கே தனிக் கம்பெனி. தப்பு வந்தால் ஈடுகட்ட டைட்டில் இன்சூரன்ஸ். இங்கே பேரை வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆர். கோவிந்தசாமி, கோவிந்தசாமிப் படையாட்சி, கோவிந்தசாமிக் கவுண்டர், கோவிந்தன் என்கிற கோவிந்தசாமி. சர்வே நம்பரே தேவலை.

எல்லை என்று பேசும்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1690-ல் வெள்ளைக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் சேர்த்தி என்று ஒப்பந்தம். எல்லாத் திசையிலும் சுட்டுப் பார்த்து எல்லை வைத்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் இருப்பது அந்தக் குண்டுதான் என்பார்கள். நல்ல பீரங்கியாகத் தேடிப் பிடித்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

பாகூர்ப் பக்கம் நிலம் பார்க்கிறவர்களும் எங்கள் கடைக்கு வருகிறார்கள். அது புதுச்சேரி, தமிழ்நாட்டு இணையதளத்தில் வராது, அங்கேதான் தேட வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரமாக இருந்தால் நொத்தேர் என்கிற பத்திரம் எழுதும் அதிகாரி எழுதியதாக, பிரெஞ்சிலேயே இருக்கலாம். அளவும் அங்கே குழியில்தான் பேசுவார்கள். ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. தஞ்சாவூர்க் குழி 144 சதுர அடிதான். டெல்டாவிலிருந்து வருகிறவர்கள் விலை கேட்டு மலைப்பது இதனால்தான்.

கம்ப்யூட்டரில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்கு முன்னால் கிடைக்காது. அதற்கு மனு போட்டு, தேடுகட்டணம் கட்டினால், அலுவலகத்தில் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டித்தான் தருவார்கள். போவதற்கு முன்னால் வி.ஏ.ஓ.விடமோ தாலுகாவிலோ கேட்டுப் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; மனுவில் இரண்டையும் போடுங்கள். முகூர்த்த நாளில் போய் நிற்காதீர்கள், யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அஷ்டமி, நவமியில் போங்கள். பத்திரம் பதிய ஒரு ஆளும் வரமாட்டார், புத்தகம் எடுத்துப் பார்க்க அவர்களுக்கும் நேரம் இருக்கும்.