பல்லில் பட்ட தகரம்: புளோரன்ஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 6, திங்கள்

டிராமில் ஒலிபெருக்கி "ப்ரோஸ்ஸிமா ஃபெர்மாத்தா" என்றது. அடுத்த நிறுத்தம். சிறு வயதிலிருந்து பியானோ வாசிக்கும் எனக்கு ஃபெர்மாத்தா என்றால் சுரத்தின் தலைமேல் வளைகோடும் புள்ளியும். அங்கே ஒலியை நீட்டி நிற்க வேண்டும். இங்கே அது பஸ் நிற்கும் இடம். இசைக் குறியை இவர்கள் கொரோனா, கிரீடம், என்கிறார்கள்.

அக்டோபர் 8, புதன்

இத்தாலியரின் நாக்கு பல்லைத் தொடுகிறது. நம் தகரமேதான்! இத்தாலிய இசைச் சொற்களை ஆங்கிலத்தின் வழியே வாங்கியதால் டெம்போ, ஃபோர்ட்டே, அடாஜியோ என்று எழுதிப் பழகிவிட்டோம். தெம்போ, ஃபோர்த்தே, அதாஜோ என்பதே நெருக்கம். சரியான எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு டகரத்தைக் கடன் வாங்கியிருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது. இரட்டை மெய்யும் நமக்குப் புதிதல்ல. பாலா மண்வாரி, பல்லா பந்து. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. கனம், கன்னம் என்று பிரித்துச் சொல்லும் வாய்க்கு இது எளிது.

அக்டோபர் 9, வியாழன்

தக்காளி விலை கேட்டேன்: "குவாந்தோ கோஸ்த்தா?" கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். தகரம் வன்மையாக ஒலித்தால் 'எவ்வளவு', மென்மையாக ஒலித்தால் 'எப்போது'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. மெல்லினத்தை அடுத்த வல்லினத்தைப் 'பந்து' போல மென்மையாக்கிவிடுவது நம் நாவின் இயல்பு. தெம்போவில் பகரமும் வன்மைதான். அந்தாந்தே என்ற இசைச் சொல்லில் முதல் தகரம் மென்மை, இரண்டாவது வன்மை. 'நடந்தபடி' என்று பொருள். 'அந்தாரே' என்றால் போதல். இரவு வெகுநேரம் அதையே சொல்லிப் பார்த்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ச்சாவோ. 'பச்சை'யில் வரும் சகரம். 'உங்கள் அடிமை' என்ற வெனிஸ் நகரத்து வணக்கம் தேய்ந்து இப்படியானதாம். அடியேன்! வைணவர் வீட்டு வாசலில் கேட்ட சொல் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே அது நெருங்கியவர்களுக்கு மட்டும். வீட்டுக்காரப் பாட்டிக்கு 'நல்ல நாள்' என்னும் புவொன்ஜோர்னோதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்காதேமியா கலைக்கூடத்தில் பியானோவை உருவாக்கிய கிறிஸ்தோஃபோரி 1690இல் செய்த நீள்வட்ட ஸ்பினெத்தா என்ற சிறு விசைப்பலகைக் கருவி இருக்கிறது. அவருடைய பியானோக்களில் எஞ்சியவை மூன்று: நியூயார்க், ரோம், லைப்சிக். பியானோ பிறந்த இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை என்பது மனத்தை உறுத்தியது. புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் 1700ஆம் ஆண்டுப் பொருள் பட்டியல் அவருடைய புதிய கருவியை மெல்லவும் உரக்கவும் ஒலிப்பது என்று குறிக்கிறது. பியானோ, ஃபோர்த்தே. உரத்த பாதியை உலகம் உதிர்த்துவிட்டது.

திரும்பும்போது படியில் வேகமாக ஏறினேன். பாட்டி கதவைத் திறந்து, "பியானோ, பியானோ" என்றார். மெதுவாக. அவர் வீடு இருப்பது மூன்றாம் பியானோவில். மாடிக்கும் அதே சொல்தான்.