பழைய வேட்டைத் துப்பாக்கியும் பளபளப்பு ஆசையும்

பரணில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியில் நீளமாக ஒரு தோல் உறை கிடந்தது. தூக்கிய கனத்திலேயே என்னவென்று தெரிந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி. அப்படி ஒன்று இருந்ததாக வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம், ஆனால் யாரோ எப்போதோ விற்றுத் தலைமுழுகிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அழகு பார்ப்பதற்கு முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது. எத்தனை வருடம் கிடந்திருந்தாலும் உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசைப் பக்கம் விரலே போகாமல், குழலின் பின்வாயை மூடியிருக்கும் இரும்புத் தண்டான போல்ட்டைத் திறந்து பாருங்கள், திறக்க வரவில்லை என்றால் தட்டிக் கொட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்தது உரிமம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது, பெரும்பாலான நாடுகளில் முறைப்படி தெரிவித்து உரிமத்தை மாற்ற வேண்டும், அதுவரை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகலாம். இதில் சோம்பல் படக்கூடாது. கூடவே பழைய தோட்டாக்கள் கிடைத்தால் அவற்றையும் ஒப்படைத்துவிடுவது நல்லது. எங்களுக்கு இந்தக் காகித வேலை முடிந்த பிறகுதான், உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி மெக்கானிக்கின் மேசையில் இதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

உறையிலிருந்து எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது துரு. உறைதான் துப்பாக்கியைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் இருக்கும், அதனால் உறை இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் பழுப்பாகப் பூத்திருந்தது. குழலின் உள்பக்கம் இன்னும் மோசம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் குண்டைச் சுழற்றி அனுப்பும் சுருள் பள்ளங்கள் தெரிகின்றன, ஆனால் வாய்ப்பக்கம் நெருங்க நெருங்க அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் தீப்பொறி கிளப்பும் அடிப்பக்கச் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படிந்துவிடும், அதாவது ஒரு வகை உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்தால், மேலே எண்ணெய் மினுங்கும், அடியில் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். கொள்ளுத்தாத்தாவோ அவருடைய துப்பாக்கியைத் துடைத்த ஆளோ, யாரோ ஒருவர் எண்ணெயை மட்டும் நம்பியிருக்கிறார்கள்.

மற்றபடி ஆள் யார் என்று குழலே சொல்லிவிட்டது. போல்ட் அமைப்பு மவுசர் என்ற ஜெர்மன் கம்பெனியுடையது, 1898 மாடல். குழலின் மேல் .275 என்று வெட்டியிருக்கிறது, அதாவது ஜெர்மன்காரர்களின் 7×57 (7 மி.மீ. விட்டம், 57 மி.மீ. நீளக் கூடு) தோட்டாவுக்கு ஆங்கிலேயர்கள் வைத்துக்கொண்ட பெயர். பிடியான மரக் கட்டையைக் கழற்றியதும் அடியில் கிரீடமும் அதன் கீழே என்பி என்ற எழுத்துகளும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் புகையில்லா வெடிமருந்தால் சோதித்துக் கொடுத்த முத்திரை. அந்தச் சோதனைக்கூடம் 1813இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு வந்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் திருகாணிகளைப் பார்த்தால் கை தேர்ந்த ஆள் என்று தெரிகிறது: இறுக்கி முடித்த நிலையில் தலையிலுள்ள பள்ளங்கள் எல்லாம் குழலின் திசையிலேயே நேராக நிற்கும்படி செய்திருக்கிறார். ஒன்றைத் தவிர. அதை யாரோ சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகி, பள்ளத்தின் ஓரத்தைக் கடித்துக் குதறி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு திருகாணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.

அப்புறம் வீட்டில் விவாதம் ஆரம்பித்தது. சித்தப்பா ஒரே பிடியாக நின்றார்: "புதுசு மாதிரி பண்ணிடலாம்டா, செலவை நான் பார்த்துக்கறேன், இப்படி அழுக்கா வெச்சிருந்தா யாருக்குப் பெருமை?" எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணத்தையும் சொன்னேன். புதுசாக்குவது என்றால் முதலில் பாலிஷ் சக்கரத்தில் கொடுப்பார்கள். துரு போகும், கூடவே கூர்மையான விளிம்புகள் மழுங்கும், எழுத்துகள் பாதி அழியும், திருகாணி ஓட்டைகளின் வாய் தேய்ந்து கிண்ணமாகும். பிறகு எரிசோடாக் கரைசலில் 140 டிகிரி வாக்கில் முக்கி எடுத்துக் கன்னங்கரேல் என்று ஆக்குவார்கள். அந்தச் சூடான காரம், ஈயப் பற்று வைத்து ஒட்டிய பாகங்களைப் பெயர்த்துவிடும், எங்கள் துப்பாக்கியில் குறிபார்க்க வைத்த பின் முள் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. கட்டையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரம் தணிந்து இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். விஷயம் தெரிந்தவர் விரலால் ஒரு முறை தடவினாலே போதும், கண்டுபிடித்துவிடுவார். சேகரிப்பவர்கள் இப்படிப் பளபளப்பாக்கியதைவிடத் தேய்ந்துபோன அசலுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் வைத்திருந்ததும் .275தான், சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கொடுத்த ரிக்பி கம்பெனித் துப்பாக்கி. அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டையும், அதை அவர் காடு மேடெல்லாம் சுமந்தார் என்பதையும்தான் ஆட்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், பாலிஷை யாரும் கேட்பதில்லை.

அதற்காகத் தொடாமலே விடவும் முடியாது. துரு தூங்காது. மெக்கானிக் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது, பார்க்கவும் வேடிக்கையாக இருந்தது: கட்டையிலிருந்து பிரித்த இரும்புப் பாகத்தை நீளமான தொட்டியில் போட்டு, வாலை வடிநீரில் கொதிக்க வைப்பது, அவ்வளவுதான். சிவப்புத் துரு கொதிநீரில் கருப்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. வெளியே எடுத்து நைசான ஸ்டீல் வூலால் மெதுவாக வருடினால் கரும்பொடி உதிர்ந்து, அடியில் மிச்சமிருக்கும் இரும்பின் பழைய நீல மெருகு அப்படியே நிற்கிறது. துரு பிடிக்கவைத்துக் கொதிக்கவைப்பதையே திரும்பத் திரும்பச் செய்துதான் அந்தக் காலத்தில் அந்த நீலத்தையே கொண்டுவந்தார்கள். வால்நட் கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால் ஒரு கீறல், எண்ணெய் ஊறி ஊறி மரம் மெத்தென்று ஆகியிருந்தது. துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் எண்ணெய் இறங்கிக் கட்டைக்குள்தான் போகும். சுண்ணக்கல் பொடியைக் குழைத்துப் பூசி அந்த எண்ணெயை உறிஞ்ச வைத்து, அதன் பிறகு கீறலை ஒட்டி, ஆளி விதை எண்ணெயைக் கையாலேயே தேய்த்தாயிற்று.

சுடுவதா என்ற கேள்விக்கு எனக்கு அதிக யோசனை தேவைப்படவில்லை. போல்ட்டில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியின் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்று இல்லை, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள அளவை கேஜ் போட்டுப் பார்க்காமல் சுடவே கூடாது, இடைவெளி கூடினால் தோட்டாவின் கூடு கிழிந்து சூடான வாயு சுடுபவன் முகத்துக்குத்தான் வரும். அளவு சரியாகவே இருந்தாலும் அந்தக் குழலுக்குள் இனி ஒரு குண்டை அனுப்ப எனக்கு மனமில்லை. குழலை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. தவிர, நான் வேட்டைக்காரனும் இல்லை, இது எத்தனை மானைச் சாய்த்தது என்று பெருமையாகக் கேட்டு வளர்ந்தவனும் இல்லை.

கடைசிவரை இழுத்தது கட்டையின் நீளம்தான். பின்பக்கம் யாரோ ரம்பம் வைத்து அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள், அடித்தகடும் அசல் இல்லை, வெறும் இரும்புப் பட்டை. மரத்தை ஒட்டிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், இணைப்பே தெரியாது, அப்போதுதான் மதிப்பு வரும் என்றார் மெக்கானிக். சித்தப்பாவும் உடனே தலையாட்டினார். அப்போது பாட்டிதான் சொன்னார்: "எங்க மாமனார் கட்டையா இருப்பாருடா, எல்லாத்தையும் தன் கைக்குத் தக்கபடி வெட்டிக்குவார்." நான் தோளில் வைத்துப் பார்த்தால் முழங்கை மடங்கி இடிக்கிறது, பாட்டி வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது. நீளத்தைக் கூட்ட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். குதறிய திருகாணியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறேன், அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.